கூட்டல் குறி, கழித்தல் குறி

மகாராஷ்டிர மாநிலத்தில் சோலாப்பூர் மாவட்டம். சோளம் விளையும் பூமி. அங்கே ஒரு கிராமம், அந்தக் கிராமத்தில் ஒரு வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு 46 வயது. ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் அவர் கவலைப்படவில்லை. அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டார். நான்கு மாதம் ஓடிவிட்டது. கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்தது. அதன் பிறகுதான் நகரத்து மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்தார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து அவர் கணவர் போய்த் தாள்களை வாங்கினார். அன்று டாக்டரைப் பார்க்க முடியவில்லை. ஒரே கூட்டம். கடைசிப் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது. அதனால் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் மகள் மட்டும்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மொத்தம் இரண்டு தாள். முதல் தாளில் 'கார்சினோமா' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தாளில் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. அது மூன்று வரிகளிலும் இருந்தது.

"அப்பா, மூணுமே நெகட்டிவ்! அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை!"

வீடே மகிழ்ந்தது. நாத்தனார் சர்க்கரை எடுத்து எல்லோர் வாயிலும் போட்டார். மகளைக் குறை சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை, பாசிட்டிவ் என்றால் நோய் உண்டு என்று நாடு முழுவதும் கற்றுக்கொண்டது. குழந்தைகள்கூட அதைக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழிந்தது. ஆஷா பணியாளர் அந்த வீட்டுக்கு வந்தார். அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். முதல் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அக்கா, இது வேற நெகட்டிவ். நோய் இல்லைன்னு இதுல எழுதலை. நாளைக்குக் காலையிலேயே கிளம்புங்க. நானும் வரேன்."

பெஞ்சில் இரண்டு பேர்

மறுநாள் மருத்துவமனையில் நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பெண். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் கையிலும் அதேபோல் தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டு பாசிட்டிவ் போட்டிருக்கு. ரொம்ப முத்திப்போச்சு போலிருக்கு" என்றார்.

அங்கே வந்த நர்ஸ் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பேருமே தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டீங்க அக்கா" என்றார்.

இரண்டு பேருக்கும் மார்பகப் புற்றுநோய்தான். அது முதல் தாளிலேயே முடிவாகிவிட்டது. இரண்டாவது தாள் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்தப் புற்றுநோய் எந்தத் தீனியை உண்டு வளர்கிறது? எந்த மருந்துக்கு அது அடங்கும்? அதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. நெகட்டிவ் என்றால் அந்தத் தீனி அதற்கு வேண்டாம் என்று பொருள். பாசிட்டிவ் என்றால் அந்தத் தீனியை நம்பி அது வளர்கிறது என்று பொருள். தீனியை நிறுத்தினால் அது வாடும். ஆகவே, இங்கே பாசிட்டிவ் என்பது பயப்படவேண்டிய சொல் அல்ல. பெயர் வைத்தவர்கள் வேறு ஏதாவது சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். வைத்துவிட்டார்கள். இப்போது அதைப் புரிந்துகொள்வதுதான் வழி.

பூட்டும் சாவியும்

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை போன்றது. உடம்பில் ஓரிடத்தில் சுரக்கும் சாறு, இரத்தத்தில் கலந்து வேறு இடத்தில் இருக்கும் செல்லுக்குக் கட்டளை கொண்டுபோகும். அந்தச் சாற்றுக்கு ஹார்மோன் என்று பெயர்.

பெண்ணின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்று இன்னொன்றும் சுரக்கிறது. பெண் பருவம் அடையும்போது மார்பு வளர்வது ஈஸ்ட்ரோஜனால்தான். மாதவிலக்குக்கு முன்பு மார்பு கனப்பதும் இவற்றின் வேலைதான்.

ஹார்மோன் இரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போகிறது. ஆனால் எல்லாச் செல்லும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. ஏன்? ஹார்மோன் ஒரு சாவி. அந்தச் சாவிக்கு ஏற்ற பூட்டு எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் மட்டும்தான் கேட்கும். இந்தப் பூட்டுக்கு 'ரிசெப்டார்' என்று பெயர். தமிழில் 'ஏற்பி' என்பார்கள். சாவி பூட்டில் நுழைந்தால் 'வளர், பெருகு' என்று செல்லுக்குக் கட்டளை கிடைக்கும்.

மார்பகச் செல் கெட்டுப்போய்ப் புற்றுச் செல் ஆகிறது. அப்படி ஆன பிறகும் சில கட்டிகளில் இந்தப் பூட்டு இருக்கும். அந்தக் கட்டிக்கு உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே உரம். வேறு சில கட்டிகளில் பூட்டு காணாமல் போயிருக்கும். அவை ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வளரும்.

தாளில் மூன்று பெயர்கள் இருக்கும். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. மூன்றாவது ஹெர்-2. இது ஹார்மோனுக்கான பூட்டு அல்ல. செல்லின் வெளிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். சாதாரணச் செல்லிலும் இது கொஞ்சம் இருக்கும். சில புற்றுச் செல்களில் இது பல மடங்கு பெருகிவிடும். அப்போது அந்தச் செல் வெறி பிடித்ததுபோல் பெருகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது.

ஆட்டுப் பண்ணையில் கிடைத்த யோசனை

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இது கால்நடைகளிலிருந்து தொடங்கிய கதை.

ஸ்காட்லாந்து நாட்டில் ஜார்ஜ் பீட்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். இளம் வயதில் ஆடுகளுக்குப் பால் சுரப்பது பற்றி ஆராய்ந்தார். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து நெடுநாள் பால் கறக்கும் என்பது சில நாட்டு விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பீட்சனும் அதை அறிந்தார். சினைப்பை வயிற்றுக்குள் இருக்கிறது. பால் மடியில் சுரக்கிறது. இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு இல்லை. ஆனாலும் ஒன்று மற்றொன்றை ஆட்டுவிக்கிறது. அப்படியானால் மார்பில் வரும் புற்றையும் சினைப்பை ஆட்டுவிக்குமா?

1895-இல் கிளாஸ்கோ நகரில் முற்றிய மார்பகப் புற்றுநோயோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். அவருடைய சினைப்பைகளைப் பீட்சன் அறுவை செய்து எடுத்தார். சில மாதங்களில் மார்புக் கட்டிகள் கரைந்தன. அடுத்த ஆண்டு அவர் இதைப் பத்திரிகையில் எழுதினார். அப்போது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது பலிக்கவில்லை. சிலருக்குக் கட்டி கரைந்தது. பலருக்குக் கரையவில்லை. ஏன் என்று அறுபது ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன் என்பவர் அதற்கு விடை கண்டார். கதிர்வீச்சு அடையாளம் இட்ட ஈஸ்ட்ரோஜனை உடம்பில் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில உறுப்புகளில்தான் அது தங்கியது. அங்கே அதைப் பிடித்துவைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அதுதான் ஏற்பி. ஏற்பி உள்ள கட்டிதான் கரைகிறது, ஏற்பி இல்லாத கட்டி கரைவதில்லை என்பது அதன் பிறகு தெளிவாயிற்று.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனி கருத்தடை மாத்திரை செய்ய முயன்றது. அங்கே வேலை செய்த டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியல் அறிஞர் 1962-இல் ஒரு மருந்தைத் தயாரித்தார். கருத்தடைக்கு அது உதவவில்லை. ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் பூட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் மருந்து. சாவித் துவாரத்தில் குச்சியை ஒடித்துவிட்டால் என்ன ஆகும்? உண்மையான சாவி நுழைய முடியாது. அந்த மருந்தின் பெயர் டமாக்சிபென். 1973-இல் இங்கிலாந்தில் அது மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாக வந்தது. இன்றும் உலகம் முழுவதும் தருகிறார்கள். இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. விலையும் குறைவுதான்.

பழுப்பு நிறம் பார்க்கும் பரிசோதனை

சதைத் துண்டில் பூட்டு இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

எடுத்த சதையைத் தாமதம் இல்லாமல் பார்மலின் என்ற திரவத்தில் போடவேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பது கணக்கு. வெறும் தண்ணீரில் போட்டால் சதை கெட்டுவிடும். ஏற்பியும் அழிந்துவிடும். இருந்த பூட்டு இல்லாததுபோல் தெரியும். சிறு ஊர்களில் சதை உள்ள டப்பாவை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வது உண்டு. அப்போது டப்பாவில் ஊற்றியிருப்பது பார்மலின்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதில் தவறு இல்லை. வாங்கிய டப்பாவை அன்றே சேர்ப்பதும் முக்கியம். அந்தத் திரவத்தில் சதை மூன்று நாளுக்கு மேல் ஊறினாலும் சோதனை சரியாக வராது.

பிறகு சதையைப் பாரபின் மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக்குவார்கள். இதை 'பிளாக்' என்பார்கள். அந்த மெழுகுக் கட்டியை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். அதன்மேல் ஒரு மருந்தை விடுவார்கள். பூட்டு உள்ள செல் பழுப்பு நிறமாகும். பூட்டு இல்லாத செல் நீலமாகவே இருக்கும். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவார். இந்தப் பரிசோதனையைச் சுருக்கமாக ஐ.எச்.சி. என்பார்கள்.

நூறு புற்றுச் செல்லில் ஒன்று பழுப்பாக இருந்தாலும் ஈ.ஆர். பாசிட்டிவ்தான். ஆனால் ஒன்று முதல் பத்து வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பழுப்பான கட்டிக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும். நூற்றுக்கு மூன்று பழுப்பான கட்டிக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. அதனால் தாளில் பாசிட்டிவ் என்ற சொல்லோடு அந்த எண்ணையும் பார்க்கவேண்டும்.

ஹெர்-2-க்குக் கணக்கு வேறு. அதற்கு 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால்தான் சங்கடம். அது இரண்டும் கெட்டான் நிலை. அதற்கு 'ஃபிஷ்' என்று இன்னொரு பரிசோதனை செய்யவேண்டும். மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர்ச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. அதற்குச் செலவு அதிகம். பலர் 2+ என்ற தாளோடு நின்றுவிடுகிறார்கள். கூட்டல் குறியைப் பார்த்துவிட்டுப் பாசிட்டிவ் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. 2+ என்பது முடிவு அல்ல, பாதி வழிதான்.

அந்த மெழுகுக் கட்டி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் நாட்டில் ஒரு மருத்துவமனையில் தொடங்கிய வைத்தியம் இன்னொரு மருத்துவமனையில் தொடர்வது சாதாரணம். பெரிய மருத்துவமனைக்குப் போனால் அங்கே முதலில் 'பிளாக் கொண்டுவந்தீர்களா?' என்று கேட்பார்கள். மறுபடி சோதித்துப் பார்க்க அது வேண்டும். சிலருக்கு அறுவைக்கு முன்பே ஊசி மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். கட்டி முழுவதும் கரைந்துபோவதும் உண்டு. அப்போது அந்தப் புற்றின் அடையாளமாக மிஞ்சுவது தீப்பெட்டியைவிடச் சிறிய அந்த மெழுகுக் கட்டி ஒன்றுதான். பழைய தாள்களோடு தூக்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காது. அதை வெயிலில் வைக்கக் கூடாது. கோடையில் பூட்டிய காரிலும், அடுப்புக்கு மேல் உள்ள பரணிலும் வைக்கக் கூடாது. அது மெழுகு, உருகிவிடும்.

அவளுக்கு மாத்திரை, இவளுக்கு ஊசி

பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு பலமுறை சந்தித்தார்கள். மூத்தவருக்கு ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 நெகட்டிவ். அறுவை முடிந்தது, கரண்டு வைத்தார்கள். பிறகு தினம் ஒரு மாத்திரை. ஐந்து ஆண்டு சாப்பிடவேண்டும் என்றார் டாக்டர். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டாகும். அதை உண்டாகவிடாமல் தடுக்கும் லெட்ரோசோல் என்ற மாத்திரை அவருக்கு. மாதவிலக்கு நிற்காத பெண் என்றால் பெரும்பாலும் டமாக்சிபென். அது 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை.

இளையவருக்கு மூன்றும் நெகட்டிவ். அவருக்கு ஊசி வழியாகக் கீமோ மருந்து. முடி கொட்டியது. வாய் புண்ணானது. வாந்தி வந்தது. ஒரு நாள் மூத்தவர் பரிதாபப்பட்டுத் தன் மாத்திரை அட்டையை நீட்டினார்.

"இதுல பாதி நீ எடுத்துக்கோ. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உனக்கும் நல்லாயிடும்."

நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். "அவங்க கட்டியில பூட்டே இல்லை. சாவியை உண்டாகவிடாம தடுக்கிற மருந்து என்ன செய்யும்? உங்களுக்கும் பாதி மருந்து போயிடும்."

அது உண்மை. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ள பெண் ஐந்து ஆண்டு டமாக்சிபென் சாப்பிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஈ.ஆர். நெகட்டிவ் உள்ளவர் அதே மாத்திரையை அதே ஐந்து ஆண்டு சாப்பிட்டாலும் பயன் கிடைப்பதில்லை. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.ஆர். பாசிட்டிவ்தான்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யும் பெரிய தவறு நடுவில் நிறுத்துவது. இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது, எதற்கு மாத்திரை என்று விட்டுவிடுகிறார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் புற்றுக்குப் பொறுமை அதிகம். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கழித்துக்கூடத் தலைதூக்கும். சிலருக்கு டாக்டர் பத்து ஆண்டு வரை மாத்திரை தருவதும் அதனால்தான். டமாக்சிபெனால் உடம்பு திடீர் திடீரென்று தணல் பட்டதுபோல் கொதிக்கலாம். அதற்காக நிறுத்தவேண்டாம், டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ உடனே போகவேண்டும். இந்த மருந்து சாப்பிடும்போது கருத்தரிக்கவும் கூடாது.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து உண்டு. வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓர் ஆண்டு போடுவார்கள். இடையில் இதயத்தைச் சோதிப்பார்கள். இந்த மருந்து 1998-இல் அமெரிக்காவில் வந்தது. முதலில் பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை. 2014-இல் இந்தியக் கம்பெனி தயாரித்த இதே வகை மருந்து இங்கே விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு விலை இறங்கியது. இன்னும் ஏழைகளுக்கு அது பெரிய தொகைதான்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் மருந்தே இல்லை என்று நினைக்கவேண்டாம். பூட்டை அடைக்கும் மருந்து இல்லை, அவ்வளவுதான். கீமோ மருந்துக்கு இவ்வகைப் புற்று பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஆனால் இது வேகமாக வளரும் வகை, அதனால் நாள் கடத்தக் கூடாது. முதல் சில ஆண்டுகள்தான் ஆபத்து அதிகம். அதைத் தாண்டிவிட்டால் திரும்பும் பயம் குறைகிறது. மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் இந்த வகை அதிகம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இவ்வகை நோய் உள்ள 700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2022-இல் வெளிவந்தது. கார்போபிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 50 வயது வரையுள்ள பெண்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. அது பழைய மருந்து, விலையும் அதிகம் இல்லை.

தாளில் இருக்கும் எண்கள்

மருத்துவமனைத் தாளின் மேல் ஓரத்தில் சில எழுத்தும் எண்ணும் இருக்கும். பலர் அதைப் பதிவு எண் என்று நினைக்கிறார்கள். அது நோயின் எண்.

உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்க்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறது. ஊருக்கு அஞ்சல் எண் இருப்பதுபோல் நோய்க்கும் எண். மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் பார்த்தால் எந்த நாட்டு டாக்டருக்கும் புரியும்.

சோலாப்பூர்ப் பெண் முதலில் கட்டியோடு வந்தபோது அவர் சீட்டில் என் 63 என்று எழுதினார்கள். மார்பில் கட்டி, என்ன கட்டி என்று இன்னும் தெரியாது என்று அதற்குப் பொருள். அது சாதாரணக் கட்டியாக இருந்திருந்தால் டி 24 ஆகியிருக்கும். புற்று என்று தெரிந்த பிறகு சி 50.4 ஆனது. சி என்ற ஆங்கில எழுத்து பிறை நிலாபோல் இருக்கும், அடையாளம் காண்பது எளிது. சி 50 என்றால் மார்பகப் புற்றுநோய். புள்ளிக்குப் பின்னால் உள்ள 4, மார்பின் மேற்பகுதியில் அக்குள் பக்கத்தைக் குறிக்கும். மார்பகப் புற்று அதிகமாக வருவது அந்த இடத்தில்தான். 9 என்று இருந்தால் இடம் குறிக்கப்படவில்லை என்று பொருள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களுக்கும் எண் ஒன்றுதான். இருவருக்கும் சி 50.4. ஆனால் வைத்தியம் வேறு வேறு. எண்ணில் கட்டியின் இடம் தெரிகிறது, பூட்டு தெரிவதில்லை. அமெரிக்காவில் இந்தக் குறையைக் கண்டு பட்டியலில் கூடுதல் எண் சேர்த்தார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் இசட் 17.0. ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் இசட் 17.1. சி 50-க்குப் பக்கத்தில் இதையும் எழுதுவார்கள். இன்ன மருந்து ஏன் கொடுத்தோம் என்பதற்கு அது சாட்சி.

எண் போடும் ஊழியர் தாமாக எதையும் முடிவு செய்ய முடியாது. டாக்டர் எழுதியதைத்தான் எண்ணாக மாற்றுவார். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் தாளில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 விவரம் விடுபட்டிருந்தால் எண்ணிலும் அது வராது. அடுத்த மருத்துவமனைக்குப் போகும்போது அந்த விவரம் காணாமல் போயிருக்கும்.

பணத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தகுதி உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை அது ஏற்கிறது. அந்தத் திட்டத்தில் சிகிச்சைகளுக்குத் தனி எண்கள் உண்டு. மருத்துவமனை அனுமதி கேட்கும்போது பரிசோதனைத் தாளையும் சேர்த்து அனுப்பவேண்டும். தாள் இல்லை என்றால் அனுமதி தாமதமாகும்.

இந்த எண்களை நாட்டுக்காகவும் கூட்டிப் பார்க்கிறார்கள். சோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பார்ஷியில் 1987-இல் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று தொடங்கியது. இந்தியாவில் கிராமங்களுக்கென்று தொடங்கிய முதல் பதிவேடு அதுதான். அதன் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய் விவரம் சேர்த்தார்கள். இப்படி நாடெங்கும் உள்ள பதிவேடுகள் மூலம்தான் கணக்குத் தெரிகிறது. 2022-இல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்து நோய் இல்லை என்று ஆனால் எண் மாறும். இசட் 85.3 என்று எழுதுவார்கள். முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்று பொருள். ஆனால் நோய்க்கான மாத்திரை சாப்பிடும் வரை சி 50 தொடர்வது வழக்கம். மூத்த பெண் மூன்றாம் ஆண்டிலும் தன் சீட்டில் பிறை நிலாவைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்படவேண்டியதில்லை.

மகளின் நோட்டுப் புத்தகம்

எட்டாம் வகுப்பு மகள் முதலில் வெகுநாள் அழுதாள். தான் தப்பாகப் படித்ததால்தான் மூன்று வாரம் வீணானது என்று நினைத்தாள். "நீ படிச்சது சரிதான். என்ன கேள்விக்குப் பதில்னுதான் உனக்கு யாரும் சொல்லலை" என்றார் ஆஷா பணியாளர்.

அதன் பிறகு அவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர். அதன் கீழே ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கழித்தல் குறி. அதன் கீழே சி 50.4. மெழுகுக் கட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் எழுதினாள். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஊசியின் தேதி. தாள்களை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். அந்தப் பக்கத்தை அம்மாவும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார்.

நான்காவது ஊசிக்கு அடுத்த வியாழக்கிழமை போகவேண்டும். இந்த முறை காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பவேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டார். டாக்டரைப் பார்க்காமல் திரும்பி வருவதில்லை.